பேனலை மறைத்த ஞாயிற்றுக்கிழமை

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ராயபுரத்தில் ஒரு ஹாலில், நூற்றுச் சொச்சம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஒரே ஒரு கீயை இருபது தடவை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.

தலைக்கு நேர் மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியும் வியர்த்தது.

என்ன கீ, என்ன ஹால், எனக்கு அங்கே என்ன வேலை? சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக் கீழ் போர்ஷனில் லூர்து மேரி இருக்கிறாள். அவள் கணவர் அந்தோணி, சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. ஒரே மகள் ஷெரின், நர்ஸ். அவளுக்குத்தான் அன்று நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு எர்ணாவூர்.

அந்தோணி இந்த மாதம் வீட்டில் இருந்திருக்க வேண்டும். அவருக்குப் பதிலாகக் கப்பலேற வேண்டிய ஆள் வரவில்லை. பதில் ஆள் வராமல் சமையல்காரரை இறக்கிவிட்டால் கப்பலே பட்டினிதானே? இறக்கவில்லை.

"பொண்ணோட அப்பா இல்லாம இன்னா நிச்சயம்? அவுரு வந்தப்புறம் வெச்சிக்கலாமே" என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டார். தப்பாகச் சொல்லவில்லை. முறையைச் சொன்னார்.

ஆனால் அந்தோணி ஒத்துக்கொள்ளவில்லை. ஷெரின் பிறந்தபோது அவர் ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரத்தில் நின்றிருந்தார். அவள் சர்ச்சில் புது நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்க வேண்டியபோது, அப்பா வரட்டும் என்று ஒரு வருஷம் தள்ளிப் போட்டார்கள். அந்த வருஷமும் அவர் வரவில்லை. "எனக்காக ஒண்ணும் தள்ளிப் போடாத. தள்ளிப் போட்டா நான் வந்துடுவேன்னு யாரு சொன்னா?" என்று போனில் சொல்லியிருக்கிறார்.

லூர்து மேரி மாடியேறி வந்தாள்.

"அக்கா, அந்தாளு வீடியோ கால்ல வரணும். பெரிய ஸ்கிரீன்ல. பக்கத்துல நின்னுகினு பேசுறாப்போல இர்க்கணும். நீதான் பாத்துக்கணும்."

பத்திரிகையில் எழுதுகிறவளுக்குக் கம்ப்யூட்டர் அத்துப்படி என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை உண்டு. நான் அதை இதுவரை மறுத்ததில்லை. ஏன் மறுக்க வேண்டும்? தண்ணீர் லாரி வந்தால் முதல் குடம் எனக்குத்தான்.

"ஜமாய்ச்சிடலாம்" என்றேன்.

என் லேப்டாப்பைப் பற்றி இந்த இடத்தில் நாலு வார்த்தை. அது ஒரு கிழம். ஆன் செய்துவிட்டு, பால் காய்ச்சி, காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். தூக்கிப் போடலாம் என்றிருந்தபோது நூர்ஜஹான்தான் தடுத்தாள். முன்பு பாரிமுனையில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து மேஜை. நான் டைப் அடிப்பேன், அவள் கம்ப்யூட்டர் பார்ப்பாள். இப்போது அவளுக்குத் தண்டையார்பேட்டையில் ஒரு குடோனில் அதே வேலை. அவள் வந்து, பழையதை வழித்துப் போட்டுவிட்டு லினக்ஸ் ஏற்றினாள். கிழம் எழுந்து உட்கார்ந்துவிட்டது! லூர்து மேரி அதற்கு, பைபிளில் செத்துப் பிழைத்தவரின் பேராக, லாசர் என்று பேர் வைத்தாள்.

லினக்ஸில் திரைக்கு அடியில் ஒரு பட்டை இருக்கும். பேனல் என்பார்கள். மணி, வைஃபை, பேட்டரி, ஸ்பீக்கர் படம், இப்போது கீபோர்டு தமிழில் இருக்கிறதா இங்கிலீஷில் இருக்கிறதா என்று காட்டும் குட்டி எழுத்து... எல்லாம் அதில்தான். இத்தனை நாள் அது பாட்டுக்கு அது, நான் பாட்டுக்கு நான்.

சனிக்கிழமை ஒத்திகையில்தான் சண்டை ஆரம்பித்தது.

திரையில் இடது பக்கம் அந்தோணி முகம். வலது பக்கம் ஜெபப் பாட்டின் வரிகள். கடலில் நெட் எப்போது அறுந்துவிழும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் குரல் போய்விட்டால் சாட்டில் எழுத வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். அவருக்குத் தமிழ் படிக்க வரும், போனில் தட்ட வராது. இங்கிலீஷ் எழுத்தில்தான் தமிழைத் தட்டுவார். ஒத்திகையில் குரல் போனது. நான் காத்திருந்தேன். அவர் எதையோ தட்டித் தட்டிப் பார்த்துக் கையை விரித்தார். நானும் கையை விரித்தேன். அஞ்சு நிமிஷம் இப்படியே ஊமை நாடகம்.

அப்புறம் தேடிப் பார்த்தால், "அக்கா கேக்குதா?" என்று நாலு தடவை எழுதியிருக்கிறார். நாலும் பேனலுக்குப் பின்னால். நான் எப்போதோ எதையோ டிக் அடித்து வைத்ததில், ஜன்னல்களெல்லாம் பேனலுக்கு அடியில் போய் நிற்கின்றன. கடைசி வரி காலி. பாட்டிலும் கடைசி வரி காலி. 'ஆமென்' தெரியவே தெரியாது.

நூர்ஜஹானுக்குப் போன் போட்டேன்.

"நூரு, இந்தப் பட்டையை எப்படி ஒழிக்கிறது?"

"ஒழிக்காத மல்லி. ஒளிச்சு வெய்யி. செட்டிங்ஸ்ல ஆட்டோ ஹைடுன்னு கீது பாரு."

வைத்தேன். பேனல் உள்ளே போனது. ஆனால் சாட்டில் எழுத மவுஸைக் கீழே கொண்டு போனால் போதும், லபக்கென்று மேலே வந்துவிடும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் எட்டிப் பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள் இல்லையா? அந்த ரகம்.

"எட்டிப் பாக்குதுடி."

"அப்ப ஷார்ட்கட் போட்டுக்க. ஒரு தபா அழுத்துனா போயிடும். இன்னொரு தபா அழுத்துனா வந்துடும். நடுவுல நீ மவுஸை எங்க வேணா இட்னு போ, எட்டிப் பாக்காது."

ஒரு வரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். பார்க்க மந்திரம் மாதிரி இருந்தது. கீபோர்டு செட்டிங்ஸில் போய், ஷார்ட்கட் என்கிற இடத்தில் அதை ஒட்டினேன். எந்த கீ வேண்டும், அழுத்து என்று கேட்டது. விண்டோஸ் கீயையும் ஹெச்சையும் சேர்த்து அழுத்தினேன். (லினக்ஸ்காரர்கள் அதை விண்டோஸ் கீ என்று சொல்வதில்லை. சூப்பர் கீயாம். சக்களத்தி பேரை யார்தான் வாயால் சொல்வார்கள்?)

"ஹெச் எதுக்கு?" என்றாள் நூர்ஜஹான்.

"ஹைடுக்கு."

"பார்றா... பெரிய இஞ்சினியரு!"

அழுத்தினேன். பேனல் போனது. அழுத்தினேன். வந்தது. போனது... வந்தது. அடடா! இந்த வயதில் நான் சொன்னதும் கேட்கிற ஒரு ஜீவன். ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை.

நூர்ஜஹான் பக்கத்தில் இருப்பதாகத்தான் ஏற்பாடு. நாலு மணிக்குப் போன் செய்தாள். "மல்லி, கண்டெய்னர் லாரி வரிசை கட்டி நிக்குது. பஸ்ஸு இன்ச்சு நவுரல. நீயே பாத்துக்க." அத்தோடு அவள் போனில் சார்ஜும் தீர்ந்தது.

லூர்து மேரியின் தம்பி பீட்டர்தான் மைக்கும் ஆம்ப்ளிஃபையரும். குரல் வளம் அப்படி, மைக் இல்லாமலே காசிமேடு வரை கேட்கும். வான நீலத்தில் பளபளவென்று ஒரு சட்டை போட்டிருந்தார். லேப்டாப்பிலிருந்து ஒரு வயர் அவருடைய பெட்டிக்கு. இன்னொரு வயர் புரொஜெக்டருக்கு. ஹாலைக் காட்ட ஒரு ஸ்டாண்டில் குட்டி கேமரா. எல்லாம் சரி.

அந்தோணி வந்தார். கப்பலின் சாப்பாட்டு அறை. வெள்ளைச் சட்டை, காலர் பட்டன் வரை போட்டு, தலையை ஒட்டச் சீவி, கையில் மடித்த ஒரு தாள். ஹாலே கையாட்டியது. அவரும் கையாட்டினார். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் கையாட்டவில்லை. முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் ஸ்டைலாக விண்டோஸ் கீ, ஹெச். பேனல் மறைந்தது. கீபோர்டைத் தமிழுக்கு மாற்றி, "எல்லாரும் வந்தாச்சு அந்தோணி" என்று சாட்டில் எழுதினேன். பெரிய திரையில் அழகாகத் தெரிந்தது. 'ஆமென்' கூடத் தெரிந்தது.

ஜெபம் முடிந்தது. பாட்டு முடிந்தது. ஃபாதர் மைக்கை வாங்கி, "இப்போது பெண்ணின் தகப்பனார் பிள்ளைகளை ஆசீர்வதிப்பார்" என்றார்.

அந்தோணி எழுந்து நின்றார். தாளைப் பிரித்தார். வாயைத் திறந்தார்.

சத்தம் இல்லை.

உதடு அசைகிறது. கை அசைகிறது. சிலுவை போடுகிறார். சத்தம் மட்டும் இல்லை. பீட்டர் ஆம்ப்ளிஃபையரைத் திருகினார். 'கீஈஈ' என்று ஒரு கூச்சல், முன் வரிசையில் இரண்டு பேர் காதைப் பொத்தினார்கள். அந்தோணிக்கு இது எதுவும் புரியவில்லை. தாளை வாசித்துக்கொண்டே போகிறார். எத்தனை நாள் உட்கார்ந்து எழுதினாரோ! லூர்து மேரி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை உங்களுக்கு எழுதிக் காட்ட என்னால் முடியாது.

என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. புரொஜெக்டர் வயரைச் சொருகியதும் சத்தமும் அந்தப் பக்கம் போய்விட்டிருக்கிறது. புரொஜெக்டருக்கு ஸ்பீக்கரே கிடையாது. அதைத் திருப்பி ஆம்ப்ளிஃபையர் பக்கம் விட வேண்டும். பேனலில் இருக்கிற ஸ்பீக்கர் படத்தை ஒரு கிளிக். அவ்வளவுதான்.

ஆனால் பேனல் எங்கே?

விண்டோஸ் கீ, ஹெச். வரவில்லை. மறுபடி. வரவில்லை. மவுஸைக் கீழே கொண்டு போனேன். எட்டிப் பார்க்காது என்று நூர்ஜஹான் வாக்குக் கொடுத்திருந்தாள். பேச்சு மாறவில்லை, எட்டிப் பார்க்கவில்லை. ஹெச்... ஹெச்... ஹெச்... பதற்றத்தில் விண்டோஸ் கீயை விட்டுவிட்டு வெறும் ஹெச்சையே குத்தினேன். என்டரையும் தட்டினேன்.

திரையில் அந்தோணி வாசிப்பதை நிறுத்தினார். குனிந்தார். போனில் ஏதோ தட்டினார்.

சாட்டில் அவர் எழுதியது ஆளுயரத்துக்கு விழுந்தது. பீட்டர் பழக்க தோஷத்தில் மைக்கில் வாசித்தார்.

"அக்கா, இன்னா காக்காவ கூப்புட்றியா? கால் போட மறந்துட்ட பாரு."

மேலே பார்த்தேன். நான் அனுப்பிய செய்தி: கககககககக.

ஹால் சிரித்தது. அடுத்த செய்தி வந்தது. பீட்டர் அதையும் கம்பீரமாக வாசிக்க ஆரம்பித்தார்.

"ஆமா, பீட்டரு போட்டுகினு கீறது என் சட்டைதான? பீரோவுல கல்யாணத்துக்குன்னு வெச்சிருந்..."

மைக் ஆஃப் ஆனது. பீட்டர் நெஞ்சுக்கு நேராகக் கையைக் கட்டிக்கொண்டார், ஏதோ சட்டையை மறைத்துவிடலாம் என்பது போல. ஹால் இடிந்துவிழுகிற மாதிரி சிரிப்பு. நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு மண்டையில் விளக்கு எரிந்துவிட்டது.

க! ஹெச் அடித்தால் ஏன் க வருகிறது? கீபோர்டு தமிழில் இருக்கிறது. நான்தானே மாற்றினேன்! ஷார்ட்கட்டுக்குத் தெரிந்தது ஹெச். அதற்குக் க என்றால் என்ன தெரியும்? கீபோர்டு தமிழில் இருக்கிறது என்று காட்டுகிற எழுத்தும் பேனலில்தான் இருக்கிறது. அந்தப் பேனலைத்தான் நான் ஒளித்து வைத்திருக்கிறேன். பெட்டியைப் பூட்டி, சாவியையும் பெட்டிக்குள்ளேயே போட்ட கதை.

"குரல் கேக்கல, ரெண்டு நிமிஷம்" என்று அவருக்கு எழுதினேன். கீபோர்டை இங்கிலீஷுக்கு மாற்றினேன். விண்டோஸ் கீ, ஹெச்.

வந்தது! ஸ்பீக்கர் படம், ஒரு கிளிக், லிஸ்டில் ஆம்ப்ளிஃபையருக்குப் போகிற வழியைத் தேர்ந்தெடுத்தேன்.

ஹால் முழுக்க அந்தோணியின் குரல். ஆனால் அவர் எங்களிடம் பேசவில்லை. குரல் கேட்கவில்லை என்று நான் எழுதியதை நம்பி, பக்கத்தில் இருக்கும் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"...ஒண்ணுமில்லடா, வெங்காயம்."

படத்தில் தெரியாத ஒருவர், பேச்சில் தூத்துக்குடி வாசனை. "என்னண்ணே சொல்றீய? இன்னைக்குச் சமையல் பூரா நாம்லா பாத்தேன். நீங்க வெங்காயத்தத் தொடவே இல்லியே?"

"வாய மூட்றா." எங்கள் பக்கம் கையைக் காட்டினார். "பொறந்தப்ப பாக்கல. புது நன்மைக்குப் பாக்கல. இப்பதான்டா பாக்குறேன், எவ்ளோ பெருசாகீது பாரு என் பொண்ணு... அவங்களுக்கு ஒண்ணும் கேக்கலியாம். நல்லதாப் போச்சி. கேக்காதப்பவே அழுது முடிச்சிக்கிறேன்."

தோளில் கிடந்த துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

மேடையில் ஷெரின் உறைந்து நின்றாள். நான் உடனே "கேக்குது அந்தோணி" என்று எழுதப் போனேன். அதற்குத்தானே என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்?

லூர்து மேரி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். காதோடு சொன்னாள்.

"சொல்லாதக்கா. சவுண்ட நிறுத்து. ரெண்டு நிமிஷம் வுடு அந்தாள."

நிறுத்தினேன்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது: அவர் தலை நிமிர்ந்தால் கேமரா வழியாக எங்களைப் பார்ப்பார். நூறு முகமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தால் காட்டிக் கொடுத்துவிடுமே!

முதலில் சமாளித்தது யார் தெரியுமா? மாப்பிள்ளையின் அம்மா. முகத்தைத் தூக்கி ஃபேனைப் பார்த்தார். பக்கத்திலிருந்த அம்மாவிடம், "இந்த ஃபேனு ஏன் இப்டி கத்துது?" என்றார். அது கத்தவே இல்லை. அந்த அம்மா உடனே, "ஆமா, கத்துது" என்றார். பீட்டர் குனிந்து வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார். பெண்கள் ஒருவர் தலையில் ஒருவர் பூவைச் சரிசெய்தார்கள். ஃபாதர் பைபிளில் எதையோ மும்முரமாகத் தேடினார். ஹாலே நடித்தது. ஒத்திகை இல்லாமல், டைரக்டர் இல்லாமல்.

திரையில் அந்தோணி முகத்தைத் துடைத்தார். காலரைச் சரிசெய்தார். தாளை எடுத்து நிமிர்ந்தார். லூர்து மேரி தலையாட்டினாள். நான் சத்தத்தைத் திறந்துவிட்டு எழுதினேன், இங்கிலீஷ் எழுத்திலேயே: "இப்ப கேக்குது. பேசு அந்தோணி."

"அன்பார்ந்த சபையோரே..." என்று ஆரம்பித்தார். ஏட்டுத் தமிழ். இயேசுவின் திருநாமத்தில், இரு வீட்டார் சம்மதத்தில் என்று விறைப்பாக வாசித்தார். ஒரு இடத்தில்கூடக் குரல் உடையவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஒரு மனிதர் கையை நீட்டி ஆசீர்வதிக்க, இந்தப் பக்கம் ஷெரினும் மாப்பிள்ளையும் திரைக்கு முன்னால் முழங்காலில் நின்றார்கள். எல்லாரும் ஆமென் சொன்னோம். பேனல் மறைத்திருந்தால்தான் என்ன, அந்தக் கடைசி வரி எல்லாருக்கும் மனப்பாடம்தானே? ஒத்திகையில் எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

மோதிரம் மாற்றி முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா கேமரா முன்னால் வந்து நின்றார். "சம்பந்தி, கல்யாணத் தேதிய நீங்க சொல்லுங்க. நீங்க எப்ப எறங்குறீங்களோ அப்பதான்" என்றார். அந்தோணி கும்பிட்டார்.

பிரியாணி தீரும் நேரத்தில் நூர்ஜஹான் வந்து சேர்ந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அய்யய்யோ, தமிழ்ல வெச்சா ஷார்ட்கட்டு வேலை செய்யாதுன்னு சொல்ல மறந்துட்டேனே!" கொட்டை எழுத்தில் எழுதித்தர வேண்டிய விஷயத்தை ஒரு கை பிரியாணியோடு விழுங்கினாள்.

உங்களில் லினக்ஸ் வைத்திருப்பவர்கள் இருந்தால் ஒரு வார்த்தை. பேனலை மறைக்கத் தாராளமாக ஷார்ட்கட் போடுங்கள், திரை பளிச்சென்று இருக்கும். ஆனால் தமிழில் வைத்துக்கொண்டு ஒரு தடவை, இங்கிலீஷில் வைத்துக்கொண்டு ஒரு தடவை, தனியாக வீட்டில் உட்கார்ந்து அழுத்திப் பாருங்கள். மறைப்பது சுலபம். திரும்பக் கொண்டு வரத்தான் நூறு பேர் பார்க்க வியர்க்கும்.

திங்கட்கிழமை காலையில் அந்தோணி லூர்து மேரிக்குப் போன் செய்திருக்கிறார். எடுத்த எடுப்பில் ஒரே கேள்வி: "நேத்து மொதல்ல நான் பேசினது ஒண்ணும் கேக்கல இல்ல?"

லூர்து மேரிக்கு எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது. என் குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தால் படியேறி வந்து சொல்லிவிட்டுப் போகிறவள்.

"ஒரு எழுத்து கேக்கலய்யா" என்றிருக்கிறாள்.

அவர் அதோடு விடவில்லை. பீட்டரைக் கேட்டிருக்கிறார். "கேக்கல மாமா." ஷெரினைக் கேட்டிருக்கிறார். "இல்லப்பா, நீங்க படிச்சதுதான் கேட்டுச்சி." சம்பந்தி அம்மாவிடமும் சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறார். "எங்க கேட்டுது? ஃபேனு போட்ட சத்தத்துல..." என்றிருக்கிறார் அவர்.

நூற்றுச் சொச்சம் பேர். வாரம் ஒன்று ஆகிறது. இதுவரை ஒருத்தர் வாய் திறக்கவில்லை.

நான்தான் திறந்துவிட்டேன், இந்தப் பத்திரிகை அந்தக் கப்பலுக்குப் போகாது என்கிற ஒரே தைரியத்தில். அதனால் நீங்களும் இதைப் படிக்கவில்லை... சரிதானே?